ரிப்போர்ட் வரும்வரை

சோதனை முடிந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது, உளவியலாளர் சொல்லும் வாக்கியம் அநேகமாக ஒன்றுதான்: "பத்து நாள்ல ரிப்போர்ட் ரெடியாயிடும், நானே கூப்பிடறேன்." குழந்தை அதற்குள் லிஃப்ட் பட்டனை யார் அழுத்துவது என்கிற கவலைக்குப் போயிருக்கும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும்தான் அந்தப் பத்து நாள் நகராது.

ஆனால் அவர்கள் காத்திருக்கும் அந்த எண், பெரும்பாலும் அன்று மாலையே உளவியலாளரின் மேசையில் தயாராக இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் குழந்தை எடுத்த புள்ளிகளைக் கூட்டி, அதன் வயதுக்கு உரிய அட்டவணையில் வைத்துப் பார்த்தால் ஐ.க்யூ. வந்துவிடும். பத்து நாள் பிடிப்பது மற்றதற்கு. குழந்தை எப்படி யோசித்தது, எங்கே தயங்கியது, எதைச் செய்யும்போது கண் மலர்ந்தது, எதில் சலித்துப்போய் ஜன்னலைப் பார்த்தது என்பதையெல்லாம் கோவையாக எழுதுவதற்கு. அந்த எழுத்துதான் ரிப்போர்ட். பெரும்பாலான பெற்றோர் முதல் பக்கத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு, மிச்சப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அந்த மிச்சப் பக்கங்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

யார் வருகிறார்கள்? சென்னை மந்தைவெளியில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, மூன்று வயது மகள் "29சி வருது, அது பெசன்ட் நகர் போகும்" என்று போர்டைப் படித்துச் சொல்லித் திகைக்க வைத்த அம்மா. அடையாறில் யு.கே.ஜி. டீச்சர் டைரியில் "உட்காரவே மாட்டேங்கறான், மத்தப் பிள்ளைங்க எழுதறதுக்குள்ள முடிச்சிட்டு வம்பு பண்றான்" என்று எழுதி அனுப்பியதைப் படித்துக் கலங்கிய அப்பா. தி.நகரில் "அவன் தாத்தா மாதிரி மூளை" என்று சொல்லும் பாட்டி. பெருமையோடு வருபவர்கள் ஒரு வகை, பயத்தோடு வருபவர்கள் இன்னொரு வகை என்று பிரித்துவிட முடியாது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே ஆளிடம்கூட இருக்கும். பள்ளியில் இடம் கிடைக்க இந்த எண் உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13-ஆம் பிரிவில், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சேர்க்கைக்காக ஐ.க்யூ. கேட்பதற்கு அதில் இடமில்லை.

கைரேகையைப் பதிந்து வாங்கிப் புத்தியை அளந்து தருகிறோம், கண்ணைக் கட்டிப் படிக்க வைத்து மூளையைத் திறந்துவிடுகிறோம் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஊரெங்கும் நடந்த வியாபாரங்களை இதோடு சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. இங்கே பேசுவது, பயிற்சி பெற்ற ஒரு உளவியலாளர் ஒரு குழந்தையோடு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் செலவழிக்கும் சோதனையைப் பற்றி.

அந்த மேசைக்கு அருகே போய்ப் பார்க்கலாம். சிவப்பும் வெள்ளையுமான சிறு கட்டைகள். சில பக்கங்கள் முழுச் சிவப்பு, சில முழு வெள்ளை, சில குறுக்காகப் பாதிப் பாதி. சாமுவேல் கோஸ் என்பவர் 1920-களில் வடிவமைத்த இந்த விளையாட்டு, இன்றைய புத்திக்கூர்மைச் சோதனைகள் பலவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி, கட்டைகளை அடுக்கி அதேபோலச் செய்யச் சொல்வார்கள். பக்கத்தில் நேரம் ஓடும். ஒரு குழந்தை கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பி, ஒன்று பொருந்தும்வரை முயன்றுகொண்டே இருக்கும். இன்னொன்று எதையும் தொடாமல் படத்தையே சில விநாடி பார்க்கும். மனத்துக்குள் அதை நான்காகப் பிரித்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் அடுக்கிவிடும். மூன்றாவது குழந்தையும் சீக்கிரமே முடித்துவிடும். ஆனால் நடுவில் கோடு ஒரு மயிரிழை விலகியிருக்கிறது என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்ப அடுக்கும். நேரம் போய்விடும், புள்ளி குறையும்.

முதல் குழந்தைக்கும் மூன்றாவது குழந்தைக்கும் ஒரே புள்ளி விழலாம். ஒன்றுக்கு வடிவத்தைப் பிரித்துப் பார்ப்பதில் உதவி தேவை. மற்றொன்றுக்கு, தப்பு நேர்ந்தால் பரவாயில்லை என்று யாராவது தோளைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எண் சொல்லாது, ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கமோ நான்காம் பக்கமோ சொல்லும்.

இந்த அளவுகோல் பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. 1904-இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. வகுப்பில் மற்றவர்களோடு ஈடுகொடுக்க முடியாத குழந்தைகளை எப்படி அடையாளம் கண்டு உதவுவது என்பது கேள்வி. அதற்கு விடையாக ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் முப்பது சிறு சோதனைகளைத் தொகுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு என்ன தேவை என்பதற்காகச் செய்த கருவி அது. குழந்தைகளை வரிசைப்படுத்துவதற்காக அல்ல. பினே 1911-இல் இறந்தார். அடுத்த ஆண்டு ஜெர்மானியர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுக்கும் யோசனையைச் சொன்னார். 1916-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன், அந்த ஈவை நூறால் பெருக்கி ஐ.க்யூ. என்று பரப்பினார். கருவி அப்போதுதான் திசை மாறியது. இந்தியாவில் வி.வி. காமத், கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக அதை 1930-களில் மாற்றி அமைத்தார். அவருடைய புத்தகம் 1940-இல் வந்தது. பினே-காமத் சோதனை இன்றும் நம் நாட்டில் பல இடங்களில் நடக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லரின் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப நாக்பூரில் மாலின் 1969-இல் அமைத்தார். அதன்பின் வெக்ஸ்லரின் புதிய பதிப்புகளுக்கு இந்திய நியமங்களும், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டவணைகளும், வந்திருக்கின்றன.

எந்தச் சோதனை என்று கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. பழைய முறையில், ஐந்து வயதுக் குழந்தை எட்டு வயதுக்காரர்கள் செய்வதைச் செய்தால் எட்டை ஐந்தால் வகுத்து நூறால் பெருக்குவார்கள்: 160. வெக்ஸ்லர் இதை 1939-இல் கைவிட்டார். அதே வயதினர் ஆயிரக்கணக்கானோரின் நடுவே இந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்ப்பதே சரி என்றார். சராசரி 100, திட்ட விலக்கம் 15. 130-க்கு மேல் நூற்றுக்கு இரண்டு பேர்தான். 145-க்கு மேல் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர். வழக்கமான அட்டவணைகள் 160-ஓடு முடிந்துவிடும். ஆகவே 225 என்று ஒரு சிறுமிக்கு ஐ.க்யூ. வந்ததாக நம் பத்திரிகைகள் எழுதியபோது, அது எந்தக் கணக்கு என்று கேட்டிருக்க வேண்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு வகுத்தல் கணக்கில் 225 வர, மனவயது பதினெட்டாக இருக்க வேண்டும். அந்தச் சிறுமி கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எண்தான் வேறொரு கணக்கிலிருந்து வந்தது. அதைப் படித்துவிட்டு, தன் குழந்தைக்கு வந்த 132-ஐ நினைத்துச் சோர்ந்துபோகும் அப்பா அம்மாவை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. 1984-இல் ஜேம்ஸ் ஃப்ளின், அமெரிக்காவில் தலைமுறைக்குத் தலைமுறை சோதனைப் புள்ளிகள் உயர்ந்துகொண்டே வந்ததைக் காட்டினார், பத்து ஆண்டுக்குச் சுமார் 3 புள்ளி. பிறகு பல நாடுகளிலும் இதைக் கண்டார்கள். அதனால் நியமங்கள் எவ்வளவு பழையவையோ, இன்றைய குழந்தை அவ்வளவு கூடுதலாகப் புத்திசாலியாகத் தெரியும். ரிப்போர்ட்டில் சோதனையின் பெயரும் பதிப்பும் இருக்கும். எண்ணைப் பார்க்கும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

எண்ணைப் பார்க்கும்போதும், அதை ஒற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 128 என்று வந்தால், நல்ல ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே 122 முதல் 134 வரை என்பது போல ஒரு வரம்பும் இருக்கும். அதே குழந்தையை வேறு நாளில், வேறு மனநிலையில் சோதித்தால் இந்த வரம்புக்குள் எங்காவது வரலாம் என்று பொருள். சளி பிடித்திருந்தால், புது ஆளைக் கண்டு ஒட்டாமல் இருந்தால், காலையில் தூக்கம் கலைந்து அழுதிருந்தால் கீழே வரும். 130 என்கிற கோட்டுக்கு இரண்டு புள்ளி இந்தப் பக்கம் விழுந்த குழந்தைக்கும், இரண்டு புள்ளி அந்தப் பக்கம் விழுந்த குழந்தைக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் மாவட்டமே வேறு என்பதுபோல நடத்துகிறார்கள். அதோடு, "98-ஆம் சதமானம்" என்பதை 98 மார்க் என்று படித்துவிட்டு, "ரெண்டு மார்க் எங்கே போச்சு?" என்று கேட்பவர்களும் உண்டு. 98-ஆம் சதமானம் என்றால், அதே வயதினர் நூறு பேரில் தொண்ணூற்றெட்டு பேரைத் தாண்டி நிற்கிறது என்று அர்த்தம். இதில் எதுவும் குறைந்துவிடவில்லை.

நான்கு, ஐந்து வயதில் எடுத்த எண், பதினைந்து வயதிலும் அப்படியே இருக்குமா? ஸ்காட்லாந்தில் 1932-இல், 1921-இல் பிறந்த பதினோரு வயதுக் குழந்தைகள் எண்பத்தேழாயிரம் பேருக்கும் மேல் சோதனை எழுதினார்கள். இயன் டீரி என்பவர், அவர்களில் சிலரை எழுபது வயதைத் தாண்டிய பிறகு தேடிக் கண்டுபிடித்து மறுபடி எழுத வைத்தார். இரண்டு எண்களுக்கும் வலுவான தொடர்பு இருந்தது. ஆனால் அவர்கள் தொடங்கியது பதினோரு வயதில். அதற்கு முன்னே, குழந்தை எவ்வளவு சிறியதோ தொடர்பு அவ்வளவு தளரும். இரண்டு, மூன்று வயதில் அளந்தது பிறகு நடப்பதை மிகக் குறைவாகவே சொல்கிறது. தொடர்பு 0.7 என்று வைத்துக்கொண்டால்கூட, இன்று 140 எடுத்த குழந்தைகள் பத்து ஆண்டு கழித்துச் சராசரியாக 128-க்கு அருகே இருப்பார்கள். புத்தி மங்கியதாலோ, பள்ளி கெடுத்ததாலோ அல்ல. உச்சியில் நிற்பவர்களில் சிலருக்கு அன்று எல்லாமே கூடி வந்திருந்தது, அவ்வளவுதான். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால், இரண்டாம் ரிப்போர்ட் வரும் நாளில் வீட்டில் யாரும் குழந்தையைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஊருக்கு, எண்ணில்லாத சோதனையும் பழக்கம்தான். 1969-இல், சித்ரவீணைக் கலைஞர் நரசிம்மனின் இரண்டு வயது மகன் ரவிகிரண், சென்னை மியூசிக் அகாடமியில் வித்வான்கள் முன்னிலையில் ராகங்களையும் தாளங்களையும் அடையாளம் கண்டு சொன்னார். 325 ராகம், 175 தாளம் என்பது அப்போதிலிருந்து சொல்லப்பட்டு வரும் கணக்கு. அகாடமி உதவித்தொகை அளித்தது. அன்று யாரும் பத்து நாள் காத்திருக்கவில்லை, கேட்டவர் காதிலேயே விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சோதனை இசையை மட்டுமே அளந்தது. அதற்குப் பின்னால் தந்தை கொடுத்த பயிற்சியும் இருந்தது. 2012-இல் ஜோயன் ரூத்சாட்ஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர், இப்படிச் சிறு வயதிலேயே உச்சத்தைத் தொட்ட எட்டு பேரைச் சோதித்தார். மொத்த ஐ.க்யூ. சிலருக்குச் சராசரியைச் சற்றுத் தாண்டியதாகவே இருந்தது. ஆனால் தகவலைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்யும் நினைவாற்றலில் எட்டு பேருமே உச்சியில் இருந்தார்கள். ரிப்போர்ட்டில் மொத்த எண் சுமாராக இருந்து, ஒரு கட்டத்தில் மட்டும் எண் வானத்தைத் தொட்டிருந்தால், அந்தக் கட்டத்தைத்தான் நிறுத்திப் படிக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். டெர்மன் 1921-இல் கலிஃபோர்னியாவில் உயர்ந்த ஐ.க்யூ. கொண்ட 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்து, வாழ்நாள் முழுவதும் பின்தொடர ஏற்பாடு செய்தார். அவர்களில் யாரும் நோபல் வாங்கவில்லை. ஆனால் எண் போதவில்லை என்று விடப்பட்ட வில்லியம் ஷாக்லி 1956-இலும், லூயிஸ் ஆல்வரெஸ் 1968-இலும் வாங்கினார்கள்.

ரவிகிரண் அகாடமியில் ராகம் சொன்ன அதே 1969-இல் பிறந்தவர் செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்த். அவரை வளர்த்தது எந்தச் சோதனையின் முடிவும் அல்ல. ஆறு வயதில் அம்மா சுசீலா செஸ் சொல்லிக் கொடுத்தார். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது, பகலில் டி.வி.யில் செஸ் புதிர் நிகழ்ச்சி ஒன்று வரும். மகன் பள்ளியில் இருக்கும் நேரம் அது. அம்மா புதிரைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பார், மாலையில் இருவரும் சேர்ந்து தீர்ப்பார்கள். சென்னையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் செஸ் கிளப், மானுவல் ஆரன் உருவாக்கியது. அங்கே வேக ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து, பின்னால் போய்க் காத்திருக்க வேண்டும், ஜெயித்தவர் பலகையிலேயே இருக்கலாம். தன்னைவிடப் பெரியவர்களோடு, தன் வேகத்துக்கு ஈடான வேகத்தில் ஆட ஒரு இடம். மேலான திறன் உள்ள குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். அந்தக் குழந்தையை வகுப்பில் அடிக்கடி பாராட்டுவதால் எதுவும் நடப்பதில்லை. தன் பேச்சு புரியும் இன்னொரு குழந்தை, அல்லது ஒரு பெரியவர் வேண்டும்.

இனி, ரிப்போர்ட்டில் நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன்: ஏற்ற இறக்கம். சொல்வளத்தில், தர்க்கத்தில் மிக உயர்ந்த புள்ளி, ஆனால் எழுதும் வேகத்திலும் குறிகளைப் பார்த்து நிரப்புவதிலும் சராசரி. இப்படி ஒரு குழந்தை வகுப்பில் வாயால் எல்லாம் சொல்லும், நோட்டில் எதையும் எழுதாது. "சோம்பேறி, மூளை இருக்கு, முயற்சி இல்ல" என்கிற ரிமார்க் இப்படித்தான் பிறக்கிறது. எழுத்து, வாசிப்பு சார்ந்த கற்றல் சிரமம் உயர்ந்த அறிவோடு சேர்ந்தே இருக்கலாம். அறிவு சிரமத்தை மறைத்துவிடும், சிரமம் அறிவை மறைத்துவிடும், இரண்டும் சராசரியில் போய் நிற்கும். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து இந்தப் பிரச்சினையைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பேசிவருகிறது. மூன்று வயதில் பஸ் போர்டு படிப்பதும் எப்போதும் ஒரே பொருள் தருவதில்லை. பொருள் புரியாமல் எழுத்துகளை வேகமாகப் படிக்கும் குழந்தைகள் உண்டு, பேச்சும் பழக்கமும் அதற்கு ஏற்ப வளராவிட்டால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இதையும் எண் சொல்லாது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் குழந்தைகளுக்கு மொழிப் பகுதி எந்த மொழியில் நடந்தது, குழந்தை விடை தெரிந்தும் சொல் தெரியாமல் விழித்ததா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் போன் செய்து கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

பினேயே ஒரு அப்பா. அவருடைய மகள்கள் மேட்லெய்ன், ஆலிஸ் இருவரையும் வருடக்கணக்கில் கவனித்தார். நடக்கக் கற்றுக்கொள்ளும்போதே வேறுபாடு தெரிந்தது என்று 1890-இல் எழுதினார். மூத்தவள் அடுத்துப் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே அடி எடுத்து வைத்தாள். இளையவள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் அறையின் நடுவே தள்ளாடிக்கொண்டு போனாள். 1903-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருவருக்கும் வேறு பெயர். ஒரு மர இலையை வர்ணிக்கச் சொன்னால், மூத்தவள் அதன் நிறத்தையும் நரம்பையும் அளவையும் நுணுக்கமாக எழுதுவாள். இளையவள் அது உதிர்ந்து விழுந்த விதத்தைக் கற்பனை கலந்து எழுதுவாள். ஒரே வீடு, ஒரே அப்பா, ஒரே சோதனை. எவள் அதிகப் புத்திசாலி என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. இரண்டு மனங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று பார்த்தார். 1905-இல் வந்த சோதனைக்கு விதை அந்த வீட்டில் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

சரி, எண் உயர்வாகவே வந்தது, அடுத்து என்ன? புனேயில் ஞான பிரபோதினி 1962 முதல் இப்படிப்பட்ட மாணவர்களுக்காக இயங்குகிறது. பெங்களூரு தேசிய உயராய்வு நிறுவனம் திறமிக்க குழந்தைகளை அடையாளம் கண்டு வளர்க்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை இவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் வரும் ஜூனில் உங்கள் மகளின் வகுப்பறையை மாற்ற இவை எதுவும் போதாது. பக்கத்தில் இருப்பதையே பார்க்க வேண்டும். திருவல்லிக்கேணியில் இந்தியக் கணித ஆசிரியர் கழகம் 1965 முதல் இருக்கிறது, பள்ளி மாணவர்களுக்குத் திறனறிப் போட்டி நடத்துகிறது. பி.கே. சீனிவாசன் 1993-இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார், விளையாட்டாகக் கணிதம் செய்யும் இடமாக. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் பிர்லா கோளரங்கமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. குழந்தை கேள்வி கேட்டால் திட்டாமல் உட்கார்ந்து பதில் சொல்லும் ஒரு பக்கத்து வீட்டு மாமா கிடைத்தால், அவரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பு தாண்டிச் சேர்ப்பதற்கு அவசரப்பட வேண்டாம். புத்தி எட்டு வயதும் அழுகை ஐந்து வயதுமாக இருக்கும் குழந்தைக்கு, எட்டு வயதுக்காரர்களோடு மதியச் சாப்பாடு சாப்பிடுவது கஷ்டம்.

குழந்தையிடம் என்ன சொல்வது? அதற்கும் ஒரு நாள் தெரியும், "நான் பாஸா?" என்று கேட்கும். 1998-இல் கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் பத்து, பதினோரு வயதுக் குழந்தைகளிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், இன்னொரு பிரிவினரிடம் "நன்றாக முயன்றாய்" என்றார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை எளிதானதையே தேர்ந்தார்கள். தோல்வி வந்ததும் சுருங்கிப்போனார்கள். தங்கள் மதிப்பெண்ணை அடுத்தவரிடம் உயர்த்திச் சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். இப்படிப்பட்ட தலையீடுகளின் பலன் பிற்காலப் பெரிய ஆய்வுகளில் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்றாலும், வீட்டில் பேசும் விதத்தில் கவனமாக இருப்பதால் நஷ்டமில்லை. "பாஸ், ஃபெயில் எல்லாம் இல்ல கண்ணா, உனக்கு எது பிடிக்கும், எப்படி யோசிக்கறேன்னு ஆன்ட்டி பார்த்தாங்க" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. எண்ணை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாமலிருப்பது நல்லது. சித்தி பையனோடு ஒப்பிட யாராவது ஒருவர் இருக்கவே செய்வார்.

திரும்பச் சோதிக்க வேண்டும் என்று தோன்றினால், ஓராண்டோ இரண்டாண்டோ இடைவெளி விடுங்கள். ஒரே கட்டைகளையும் ஒரே கேள்விகளையும் சீக்கிரம் மறுபடி பார்த்தால், பழகியதால்தான் எண் ஏறும். முதல் ரிப்போர்ட்டின் ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து சோதிப்பவர் முதலில் கேட்பது, எந்தச் சோதனை, எந்தப் பதிப்பு, குழந்தைக்கு அன்று எத்தனை வயது எத்தனை மாதம் என்பதைத்தான்.